வெளிநாட்டில் பழைய பாய்மரப் படகு வாங்குதல்: முன்பணம் கட்டும் முன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

நீள்கடல்

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளாகத் தேடி வந்த எனக்கு, கைக்கெட்டும் விலையில் ஒரு படகு கிரேக்கத்தில் அமைந்திருக்கிறது. 2004இல் ஐரோப்பாவில் கட்டப்பட்ட, ஏறத்தாழ 12 மீட்டர் நீளமுள்ள, கண்ணாடியிழை உடல் கொண்ட ஒற்றைப் பாய்மரப் படகு. செயில்டிரைவுடன் (படகின் அடிவழியே நேராகக் கீழிறங்கும் உந்துகால்) கூடிய டீசல் என்ஜின் உள்ளது. முதல் ஆறு ஆண்டுகள் வாடகைக்கு ஓடியிருக்கிறது. அதன்பின் இருவர் கைமாறியிருக்கிறது. இப்போதைய உரிமையாளர் பிரிட்டனில் வசிப்பவர். படகும் பிரிட்டனின் சிறு கப்பல் பதிவேட்டில்தான் இருக்கிறது. விளம்பரத்தில் "வாட் (மதிப்புக்கூட்டு வரி) செலுத்தப்பட்டது" என்று போட்டிருக்கிறார்கள்.

நான் ஐரோப்பிய ஒன்றியத்திலோ பிரிட்டனிலோ வசிப்பவன் அல்லன். ஏஜியன், அயோனியன் கடல்களில் இரண்டு பருவங்கள் ஓட்டிவிட்டு, பிறகு மத்தியதரைக் கடலை விட்டு வெளியே கொண்டுசெல்ல வேண்டும் என்பது என் எண்ணம். வேறொருவரும் கேட்டுக்கொண்டிருப்பதால் ஒரு வாரத்துக்குள் பத்து விழுக்காடு முன்பணம் கட்டினால் நல்லது என்று தரகர் சொல்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் எடுத்த சர்வே அறிக்கை (வல்லுநர் ஒருவர் படகின் நிலையை ஆய்ந்து எழுதுவது) ஒன்றையும் அனுப்பியிருக்கிறார். அதில் பெரிய குறை எதுவும் இல்லை. படகை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. எங்கே தொடங்குவது என்று வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சுக்கான்காரர்

வாழ்த்துகள், நண்பரே. இரண்டு படகுகளை வெளிநாட்டில் வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: படகைப் பார்க்க விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்னால் பத்திரங்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். படகில் உள்ள குறையைப் பணம் செலவழித்துச் சரிசெய்துவிடலாம். பத்திரத்தில் உள்ள குறையை அப்படிச் சரிசெய்ய முடியாமல் போவதுண்டு.

நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரத்திலிருந்து தொடங்கி வில்லங்கம் பார்ப்பதைப் போலவே இங்கும் பார்க்க வேண்டும். கட்டியவரிடமிருந்து முதல் வாடகை நிறுவனத்துக்கு வந்த ரசீது, அங்கிருந்து இரண்டாமவருக்கும், அவரிடமிருந்து இப்போதைய உரிமையாளருக்கும் எழுதிக்கொடுத்த கிரையப் பத்திரங்கள் என ஒரு கண்ணிகூட அறுபடாத தொடர் இருக்க வேண்டும். பிரிட்டனின் சிறு கப்பல் பதிவேட்டுச் சான்றிதழை வைத்து மட்டும் திருப்தி அடைந்துவிடாதீர்கள். அது படகுக்குக் கொடி தருகிறது. உரிமைக்குச் சான்று அன்று. பதிவு செய்யும்போது உரிமையை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. அதே நாட்டின் முதல் பகுதிப் பதிவேடு வேறு வகையானது. அதில் கப்பலின் உரிமை 64 பங்குகளாகக் கணக்கிடப்படும். அடமானம் இருந்தால் அதுவும் பதிவாகும். கட்டணம் செலுத்தி அந்தப் பதிவின் படியை யாரும் பெறலாம். அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் ஆவணப் பதிவில் உள்ள படகுகளுக்கும் இப்படிப்பட்ட உரிமை வரலாற்றுச் சுருக்கம் கிடைக்கும். உங்கள் படகு சிறு பதிவேட்டில் இருப்பதால் அந்த வசதி இல்லை. ஆகவே பழைய பத்திரங்கள்தாம் எல்லாமே.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கடல்சார் சட்டத்தில் சில கடன்கள் ஆளைத் தொடர்வதில்லை, படகைத் தொடர்கின்றன. மாலுமிக்குக் கொடுக்காத சம்பளம், ஆபத்தில் இருந்த படகை மீட்டவருக்குரிய தொகை போன்றவை உரிமையாளர் மாறினாலும் படகின்மேல் ஒட்டிக்கொண்டே வரும். அவை எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. படகு நின்ற மரினாவிலும் (படகுத்துறை) பழுதுபார்த்த பட்டறையிலும் பாக்கி எதுவும் இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். எந்த வில்லங்கமும் இல்லை என்றும், பின்னர் எழுந்தால் விற்பவரே பொறுப்பு என்றும் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும்.

படகின் பின்புறப் பலகையில் வலப்பக்கம் பதினான்கு எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாள எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, ஒவ்வொரு பத்திரத்திலும் உள்ள எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். நான் வாங்கவிருந்த ஒரு படகில், பத்திரத்தில் இருந்த ஓர் எண் படகில் இருந்ததோடு பொருந்தவில்லை. தட்டச்சுப் பிழைதான், ஆனாலும் அதைத் திருத்தி வாங்க ஏழு வாரங்கள் ஆயின.

ஆழிமகள்

சுக்கான்காரர் ஐயா சொன்னதோடு வாட் பற்றிச் சேர்க்கிறேன், ஏனென்றால் விளம்பரத்தில் வரும் அந்த இரண்டு சொற்களை நம்பி ஏமாந்தவர்கள் பலர்.

"வாட் செலுத்தப்பட்டது" என்றால், வரி கட்டிய முதல் ரசீது கையில் இருக்கிறதா என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். வாடகைக்கு ஓடிய படகு என்பதால் இது கூடுதல் முக்கியம். வாடகை நிறுவனம் தொழிலுக்காக வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பப் பெற்றிருக்கலாம். அப்படியானால் தனியாருக்கு விற்கும்போது வரி சேர்த்து விற்ற ரசீதுதான் உங்களுக்குத் தேவையான சான்று. கிரேக்கத்தில் வாட் 24 விழுக்காடு, குரோவேஷியாவில் 25. சான்று இல்லாமல் ஒரு சுங்க அதிகாரியின் முன் நிற்கும் நிலை வந்தால், எவ்வளவு பெரிய தொகை கேள்விக்குள்ளாகும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

உரிமையாளர் பிரிட்டனில் இருப்பதால் இன்னொரு தேதியும் வருகிறது. 2020 டிசம்பர் 31 அன்று படகு எங்கே இருந்தது என்பதற்கு ஆதாரம் கேளுங்கள். அன்று ஒன்றியத்துக்குள் இருந்த, வரி செலுத்திய படகு ஒன்றியப் பொருள் என்ற தகுதியைத் தக்கவைத்துக்கொண்டது. அன்று பிரிட்டனில் இருந்த படகு பொதுவாக அதை இழந்தது. மரினா ரசீது, பட்டறைச் சீட்டு எதுவாக இருந்தாலும் அந்த நாளைத் தொட்டு நிற்க வேண்டும்.

படகு எங்கே கைமாறுகிறது என்பதும் முக்கியம். வரி செலுத்திய படகை ஒன்றியத்துக்கு வெளியே கொண்டுபோனவர், அவரே மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பக் கொண்டுவந்தால் மறுபடி வரி இல்லை. ஆனால் அது வெளியே இருக்கும்போது விற்கப்பட்டால், வாங்கியவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. துருக்கியில் நிற்கும் படகுக்கு "ஒன்றிய வாட் செலுத்தப்பட்டது" என்று விளம்பரம் செய்திருந்தால், அங்கேயே வாங்குபவருக்கு அந்தச் சொற்களால் பயன் இல்லை.

சான்று கிடைக்காவிட்டாலும் உங்களுக்கு ஒரு வழி உண்டு. ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர், வெளியே பதிவான படகை, வரி கட்டாமல் பதினெட்டு மாதங்கள் வரை தற்காலிக அனுமதியில் உள்ளே வைத்திருக்கலாம். ஒருமுறை வெளியே சென்று திரும்பினால் புதிய பதினெட்டு மாதங்கள் தொடங்கும். இரண்டு பருவங்கள் என்ற உங்கள் திட்டத்துக்கு இதுவே போதுமானதாக இருக்கலாம். ஆனால் தற்காலிக அனுமதியில் இருக்கும் படகை ஒன்றியத்துக்குள் விற்றால் வரிச் சிக்கல் எழும். ஆகவே விற்பவர் இப்போது எந்தத் தகுதியில் வைத்திருக்கிறார் என்பதை முதலில் கேளுங்கள். படகுக்குப் பதினெட்டு மாதங்கள் என்றாலும், ஷெங்கன் விதிப்படி (எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் பயண விதி) உங்களுக்கு 180 நாள்களில் 90 நாள்கள்தாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நீள்கடல்

இருவருக்கும் மிக்க நன்றி. தரகரிடம் பத்திரத் தொடரையும் வாட் ரசீதையும் 2020 டிசம்பர் மாத மரினா ரசீதையும் கேட்டிருக்கிறேன். மூன்றையும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் முன்பணம் வந்தபிறகுதான் படகைச் சந்தையிலிருந்து விலக்குவோம் என்கிறார். இது வழக்கமான நடைமுறைதானா? அல்லது அவசரப்படுத்துகிறாரா?

கீழைக்காற்று

முன்பணம் கேட்பது வழக்கம்தான். பத்து விழுக்காடும் வழக்கமான அளவுதான். அது எங்கே போகிறது, எந்த நிபந்தனையில் திரும்ப வருகிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. இதை என் சொந்த இழப்பிலிருந்து எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு படகுக்கு நான் முன்பணம் கட்டினேன். ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம். சர்வேக்கு உட்பட்டது என்ற சொற்கள் அதில் இருந்தன. ஆனால் சர்வேயில் என்ன வந்தால் நான் விலகலாம், எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், பணம் எத்தனை நாளில் திரும்பும் என்று எதுவும் இல்லை. படகின் மேல்தளத்தின் உள்ளிருந்த பால்சா என்ற எடை குறைந்த மரம் நீரில் ஊறிப் பஞ்சாகியிருந்தது என்று சர்வேயர் எழுதினார். அது அந்த வயதுப் படகுகளுக்கு இயல்பான தேய்மானம்தான் என்று விற்பவர் வாதிட்டார். என் பணம் தரகரின் தொழில் கணக்கிலேயே கலந்து கிடந்தது. பதினொரு மாதங்கள் கடிதம் எழுதி, பாதித் தொகையோடு ஒதுங்கிக்கொண்டேன். இன்றைக்கும் அந்த ஒன்றரைப் பக்கத்தை எடுத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: முன்பணம் வாடிக்கையாளர் பணத்துக்கென்று தனியே வைத்த கணக்கிலோ வழக்கறிஞரின் பொறுப்புக் கணக்கிலோ இருக்கட்டும். சர்வேயிலோ கடல் ஓட்டத்திலோ வரும் எந்தக் குறைக்காகவும் வாங்குபவர் எழுத்தில் அறிவித்து விலகலாம் என்றும், விலகினால் முழுத்தொகையும் இத்தனை நாளுக்குள் திரும்ப வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். கணக்கு எண் மின்னஞ்சலில் வந்தால், உங்களுக்கு முன்பே தெரிந்த தொலைபேசி எண்ணில் அழைத்து அந்த எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தரகரின் மின்னஞ்சலுக்குள் புகுந்து, கடைசி நேரத்தில் "கணக்கு மாறிவிட்டது" என்று எழுதும் திருடர்கள் படகுச் சந்தையிலும் இருக்கிறார்கள்.

மரைன் மெக்கானிக்

பணமும் பத்திரமும் பேசியாகிவிட்டது. படகைப் பற்றிப் பேசுவோம். முதலில், அந்த மூன்று ஆண்டுப் பழைய அறிக்கையை ஓரமாக வைத்துவிடுங்கள். அது யார் பணம் கொடுத்து எடுத்தது என்று பாருங்கள். விற்பவர் எடுத்ததென்றால் சர்வேயரின் பொறுப்பு அவரோடு முடிந்துவிடுகிறது. உங்களுக்கு அதில் எந்த உரிமையும் இல்லை. சர்வேயரை நீங்களே தேடுங்கள்; தரகர் பரிந்துரைப்பவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனாலும் வேண்டாம். ஆய்வுக்காகப் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கும் செலவும் வாங்குபவரைச் சேர்ந்ததுதான். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வாடகைக்கு ஓடிய படகில் என் கண் முதலில் போவது கீலுக்குத்தான், அதாவது படகு கவிழாமல் இருக்க அதன் அடியில் பொருத்திய கனமான பகுதிக்கு. வாரம் ஒருவர் கையில் ஓடும் படகு எப்போதாவது தரைதட்டியிருக்கும். 2014 மே மாதம் ஆண்டிகுவாவிலிருந்து சவுத்தாம்ப்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சீக்கி ரஃபிக்கி என்ற படகு, அட்லாண்டிக்கின் நடுவே கீல் பிரிந்து கவிழ்ந்தது. அதிலிருந்த நால்வரும் திரும்பவில்லை. முன்பு நடந்த தரைதட்டல்களும் அவற்றுக்காகச் செய்த பழுதுபார்ப்புகளும் கீல் பிணைந்த பகுதியை வலுவிழக்கச் செய்திருக்கலாம் என்று பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு 2015இல் அறிக்கை தந்தது. அடிப்பகுதியை வலுப்படுத்த உள்ளே ஒட்டப்பட்ட சட்டகம் படகின் உடலிலிருந்து பிரிந்திருந்தாலும் அதைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதும் அந்த விசாரணையில் வெளிவந்த ஒன்று. நால்வரும் கடலை அறிந்தவர்கள். படகின் உள்ளே இருந்ததைத்தான் அவர்களால் அறிய முடியவில்லை.

ஆகவே தூக்கும் நாளில் நீங்கள் அங்கே இருங்கள். படகு தூக்குப்பட்டையில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, கட்டைகள்மேல் இறக்குவதற்கு முன், கீலும் உடலும் சேரும் கோட்டை முன்முனையிலிருந்து பின்முனை வரை பாருங்கள். தொங்கும்போது கீலின் எடை கீழே இழுக்கும். இணைப்பு தளர்ந்திருந்தால் முன்முனையில் ஒரு கோடு புன்னகைபோல் திறக்கும். இறக்கிவைத்ததும் அது மூடிக்கொள்ளும். கட்டைமேல் நிற்கும் படகை மட்டும் பார்ப்பவர் பூச்சில் ஒரு மெல்லிய வெடிப்பு என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். பிறகு உள்ளே இறங்கி, தரைப்பலகைகளைத் தூக்கி, கீல் போல்ட்டுகளைச் சுற்றியும் சட்டகம் உடலோடு ஒட்டியிருக்கும் ஓரங்களிலும் சுத்தியின் பிடியால் தட்டிக் கேட்க வேண்டும். நன்றாக ஒட்டிய இடம் கணீரென்று ஒலிக்கும். பிரிந்த இடம் மொத்தையாகச் சத்தமிடும். கீலின் பின்முனைக்கு மேலே உள்ள இடம்தான் தரைதட்டலில் அதிகம் அடிவாங்குவது.

அடுத்தது சுக்கான். பழைய படகுகளில் சுக்கானின் உள்ளே அடைத்த நுரைக்குள் நீர் புகுவது சாதாரணம். உள்ளே இருக்கும் துருப்பிடிக்காத எஃகுக்குக் காற்றில்லாத ஈரம் பகை. தண்ணீரிலிருந்து தூக்கி ஒரு மணி நேரம் கழித்து, சுக்கானின் அடிமுனையில் விரலை வைத்துப் பாருங்கள். தெளிந்த நீர் கசிந்தால் கவனிக்க வேண்டும். பழுப்பு நிறத்தில் கசிந்தால் உள்ளே எஃகு அரிக்கப்படுகிறது.

மீதியை விரைவாகச் சொல்கிறேன். ஈரப்பத அளவுமானி தூக்கிய அன்றே காட்டும் எண்களை நம்ப வேண்டாம். உடல் நன்னீரில் கழுவப்பட்டு, சில நாள்கள் காய்ந்த பிறகே அதற்குப் பொருள் உண்டு. செயில்டிரைவின் பெரிய ரப்பர் வளையத்தை ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது வோல்வோ பென்டாவின் பரிந்துரை. மாற்றிய ரசீதைக் கேளுங்கள், வாய்ப்பேச்சு போதாது. கடல்நீர் வால்வுகளை மென்மையாகச் சுரண்டிப் பாருங்கள். பித்தளை இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அதிலிருந்த துத்தநாகம் கரைந்துபோய்விட்டது, ஓர் உதையில் உடையும். என்ஜினை நீங்கள் வருவதற்கு முன் யாரும் ஓட்டிச் சூடாக்கி வைக்கக் கூடாது என்று சொல்லிவையுங்கள்; குளிர்ந்த என்ஜின் எப்படிப் புறப்படுகிறது என்பதுதான் தெரிய வேண்டியது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் பத்து ஆண்டுகளைத் தாண்டியிருந்தால், அவை கண்ணுக்கு நன்றாக இருந்தாலும், காப்பீட்டு நிறுவனம் மாற்றச் சொல்லக்கூடும். அந்தச் செலவை இப்போதே விலையில் கணக்கிடுங்கள்.

வாடை

நண்பர் கரீபியனையும் பார்க்கலாமே என்பது என் கருத்து. அட்லாண்டிக்கைக் கடந்துவந்து, களைத்து, அங்கேயே விற்றுவிட்டு விமானமேறுபவர்கள் அதிகம். நங்கூரச் சங்கிலி, காற்றாலை, நீர் சுத்திகரிப்புக் கருவி எல்லாம் பொருத்திய படகுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

ஆழிமகள்

கிடைக்கின்றன என்பது உண்மை. ஆனால் அங்கே வேறொரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: புயல் நாள்களில் இந்தப் படகு எங்கே நின்றது? 2017 செப்டம்பரில் இர்மா புயல் பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளையும் சின்ட் மார்ட்டினையும் நொறுக்கியபோது கவிழ்ந்து மூழ்கிய படகுகளில் பல, காப்பீட்டு நிறுவனங்களால் முழு இழப்பு என்று எழுதப்பட்டு, பின்னர் பழுதுபார்க்கப்பட்டு, மீண்டும் சந்தைக்கு வந்தன. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கிரெனடாவின் கரியாகூ தீவில் கரையேறியபோதும் பல படகுகள் சேதமடைந்தன. பழுதுபார்த்தது தவறன்று, நன்றாகச் செய்த வேலைகளும் உண்டு. அதை மறைத்து விற்பதுதான் தவறு. மேலும் ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே படகை வைத்திருக்கப் பல காப்பீடுகள் எல்லை வகுக்கின்றன. நீள்கடல் அவர்களின் திட்டம் ஏஜியன் என்பதால் இது அவருக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன்.

சுக்கான்காரர்

மெக்கானிக் நண்பர் கீல் பற்றி எழுதியதில் ஒரு சொல்கூட மிகையில்லை. ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன்: பழைய அறிக்கையை ஓரமாக வைக்க வேண்டாம். அதைப் புதிய அறிக்கையோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் இருந்த வெடிப்பு வளர்ந்திருக்கிறதா, அல்லது அன்று எழுதிய குறை இன்று பூச்சுக்குள் மறைந்திருக்கிறதா என்பதை அந்த இரண்டும் சேர்ந்துதான் சொல்லும்.

மரைன் மெக்கானிக்

ஏற்றுக்கொள்கிறேன், ஐயா.

நீள்கடல்

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். பத்திரங்கள் மூன்றும் வந்தன. தொடர் முழுமையாக இருந்தது. வாடகை நிறுவனம் வரி சேர்த்து விற்ற ரசீதும் இருந்தது. 2020 டிசம்பரில் படகு அதே மரினாவில் நின்றதற்கான ரசீதும் இருந்தது. கீழைக்காற்று அவர்கள் எழுதிய நிபந்தனைகளை அப்படியே ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னேன்; தரகர் தயங்காமல் சேர்த்தார். முன்பணம் கட்டி, நானே தேடிய சர்வேயரோடு சென்றேன்.

முதல் நாள் கடல் ஓட்டம். மெல்ட்டெமி என்ற கோடைக்கால வடகாற்று நன்றாக வீசியது. என்ஜின் குளிரில் ஒரே சுற்றில் புறப்பட்டது, புகை இல்லை. பாய்களில் பெரிய பாய் மட்டும் தொய்ந்திருந்தது. காற்றை எதிர்த்துச் சாய்ந்து ஓடியபோது படகு எனக்குப் பிடித்துப்போயிற்று என்பதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் காலை தூக்கினார்கள். நீர் வடிந்துகொண்டிருக்கும்போதே சர்வேயர் கீழே குனிந்து நின்றார். கீலின் முன்முனையில், பாசித் தடுப்புப் பூச்சின் குறுக்கே, என் முன்கை நீளத்துக்கு ஒரு கருங்கோடு. அவர் ஒரு மெல்லிய அளவுத் தகட்டை அதில் செருகினார். விரல்நகம் அளவுக்கு உள்ளே சென்றது. "இப்போது பாருங்கள்" என்று சொல்லி, கட்டைமேல் மெல்ல இறக்கச் சொன்னார். எடை கட்டைக்கு மாறிய கணத்தில் கோடு மூடியது. தகடு உள்ளேயே இறுகிக்கொண்டது, இழுத்தும் வரவில்லை. மறுபடி சற்றே தூக்கித்தான் எடுத்தார்கள். நான் அங்கே போகாமல் படங்களை மட்டும் பார்த்திருந்தால் எனக்கு இது புரிந்திருக்காது.

உள்ளே தட்டியபோது, பின்புறத்தின் கடைசி இரண்டு போல்ட்டுகளைச் சுற்றி ஒலி மாறியது. சட்டகத்தின் ஓரத்தில் பிற்பாடு பூசிய பிசின் நிறம் வேறாக இருந்தது. மூன்று ஆண்டுப் பழைய அறிக்கையில் அந்த இடம் பற்றி "தரைப்பலகை திருகப்பட்டிருந்ததால் அணுக இயலவில்லை" என்று ஒரு வரி இருக்கிறது. நான் வீட்டில் அதைப் படித்துவிட்டுக் கடந்துபோயிருக்கிறேன். சுக்கானின் அடியிலிருந்து பழுப்பு நீரும் கசிந்தது. கீலைக் கழற்றிப் பார்க்காமல் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று சர்வேயர் எழுதியிருக்கிறார்.

கீலைக் கழற்ற விற்பவர் சம்மதிக்கவில்லை. மாறாக, கேட்ட விலையில் பதினைந்து விழுக்காடு குறைக்கிறேன் என்கிறார். விலகுவதற்கு ஒப்பந்தப்படி எனக்கு இன்னும் ஆறு நாள்கள் இருக்கின்றன. என்ன செய்வீர்கள்?

சுக்கான்காரர்

பதினைந்து விழுக்காடு சிறிய தொகை அன்று. பத்திரங்கள் இவ்வளவு சுத்தமாக அமைவதும் எளிதன்று. நானாக இருந்தால் உள்ளூர்ப் பட்டறை இரண்டிடம் கீல் கழற்றிச் சட்டகத்தை மறுபடி பிணைக்க மதிப்பீடு கேட்டு, அந்தத் தொகையை விற்பவர் முன் வைத்துப் பேரம் பேசிப் பார்ப்பேன்.

மரைன் மெக்கானிக்

ஐயா மீது மதிப்பு வைத்தே மறுக்கிறேன். கீலைத் திறக்காமல் எந்தப் பட்டறையும் உண்மையான மதிப்பீடு தர முடியாது. தந்தால் அது ஊகம். போல்ட்டுகள் அரித்திருக்கிறதா, உடலின் அடுக்குகள் பிரிந்திருக்கிறதா, முன்பு பிசின் பூசியவர் எதை மூடினார் என்பது யாருக்கும் தெரியாது. அளவு தெரிந்த குறைக்கு விலை குறைக்கலாம். அளவு தெரியாத குறைக்குக் குறைக்கும் விலை, அந்த அபாயத்தை விற்பவர் தோளிலிருந்து உங்கள் தோளுக்கு மாற்றும் கூலி மட்டுமே. விற்பவரிடம் ஒரே ஒரு மாற்று வழி கேளுங்கள்: கழற்றும் செலவை நீங்கள் ஏற்கிறீர்கள், குறை இல்லையென்றால் முழு விலைக்கு வாங்குகிறீர்கள். அதற்கும் அவர் மறுத்தால் விலகிவிடுங்கள்.

கீழைக்காற்று

காப்பீட்டையும் எண்ணிப் பாருங்கள். இந்த வயதுப் படகுக்குக் காப்பீடு கேட்டால் புதிய சர்வே அறிக்கையைத்தான் முதலில் கேட்பார்கள். "கீலைக் கழற்றிப் பார்க்க வேண்டும்" என்ற பரிந்துரையை நிறைவேற்றினீர்களா என்று எழுத்தில் கேட்பார்கள். நிறைவேற்றாமல் கடலில் இறங்கினால், கட்டிய காப்பீட்டுத் தொகைக்கே பொருள் இருக்காது. காப்பீடு இல்லாத படகை நல்ல மரினாக்களும் ஏற்பதில்லை.

நீள்கடல்

மெக்கானிக் நண்பர் சொன்ன மாற்று வழியை எழுத்தில் கேட்டேன். இரண்டு நாள் கழித்து மறுப்பு வந்தது. ஐந்தாம் நாள் விலகல் கடிதம் அனுப்பினேன். முன்பணம் முழுவதும் ஒன்பது நாளில் என் கணக்குக்குத் திரும்பியது. கீழைக்காற்று அவர்களே, உங்கள் இழப்பிலிருந்து நீங்கள் எழுதிய அந்த நான்கு வரிகள் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது.

படகு தூக்கிய செலவும் சர்வேயரின் கட்டணமும் விமானச் சீட்டும் போனவைதாம். மனம் வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் படகு காற்றில் சாய்ந்து ஓடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒரு செய்தி மட்டும் பாக்கி. என் சர்வே அறிக்கையை அடுத்து வரும் வாங்குபவருக்குக் காட்டலாமா என்று தரகர் கேட்டார். அது என் பணத்தில் எடுத்தது, சர்வேயரின் பொறுப்பும் எனக்கு மட்டும்தான். சர்வேயரிடம் அனுமதி கேட்டு, ஒரு பக்கமும் விடாமல் முழுமையாகக் காட்டுவதாக இருந்தால் மட்டும் கொடுக்கலாம் என்று பதில் எழுதியிருக்கிறேன். விலை ஏதும் கேட்கவில்லை. இன்னும் மறுமொழி வரவில்லை.

ஆழிமகள்

சரியான முடிவு, நீள்கடல் அவர்களே. அடுத்த படகைப் பார்க்கும்போது முன்கூட்டியே செய்ய ஒரு சிறு வேலை: எந்தக் கொடியில் பதியப் போகிறீர்கள் என்பதை இப்போதே தீர்மானித்து வையுங்கள். கைமாறியதுமே பிரிட்டனின் சிறு பதிவு முடிவுக்கு வந்துவிடும். கொடியில்லாத படகை மரினாவை விட்டு நகர்த்தக் கூடாது. கொடி மாறினால் வானொலியின் ஒன்பது இலக்க அடையாள எண் மாறும். ஆபத்துக்கால 406 மெகாஹெர்ட்ஸ் கருவியையும் புதிய நாட்டின் குறியீட்டுக்கு மாற்றிப் பதிவுசெய்ய வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால், உங்கள் அபாயக் குரல் கேட்டதும் மீட்புப் படையினர் பழைய உரிமையாளரின் வீட்டுத் தொலைபேசியைத்தான் அழைப்பார்கள்.

நீள்கடல்

குறித்துக்கொண்டேன், அம்மா. கிரேக்கத்தின் பிரெவெசாவில் தரையேற்றி வைத்திருக்கும் வேறொரு படகின் பத்திரங்கள் நேற்று வந்திருக்கின்றன. 2007இல் கட்டியது, வாடகைக்கு ஓடாதது. இரண்டாவது கிரையப் பத்திரத்தில் விற்றவரின் கையொப்பம் இருக்கிறது, தேதி இல்லை. அதைத்தான் முதலில் கேட்டு எழுதியிருக்கிறேன்.